காத்திருக்கத் தெரிந்தவர்

விளக்கு வைக்கும் நேரத்தில் புதுவையின் முத்தியால்பேட்டைப் பக்கமோ ஈஸ்வரன் கோயில் தெருவிலோ நடந்தால், ஏதாவது ஒரு வீட்டிலிருந்து தம்பூரா ஒலியும் தபலா நடையும் கேட்கும். மீட்டுகிறவர் கிடையாது, தட்டுகிறவரும் கிடையாது. கைபேசியில் ஒரு செயலி ஓடிக்கொண்டிருக்க, அதன் முன்னால் உட்கார்ந்து ஒரு பிள்ளை சாதகம் செய்துகொண்டிருக்கும். வயலின் பக்கவாத்தியமே தொழிலாக வாழ்ந்தவன் என்பதால் பெற்றோர்கள் என்னிடம் கேட்கிறார்கள்: "ஐயா, இதை வைத்துப் பழகலாமா? கெடுதல் ஒன்றும் இல்லையே?" இசை சொல்லிக்கொடுக்கும் இளம் ஆசிரியர்களும் இதையே கேட்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து என் பதிலை எழுதுகிறேன்.

பழகட்டும், தாராளமாகப் பழகட்டும். முன்பெல்லாம் சுருதியோடு பாடிப் பழக வீட்டில் தம்பூராவோ துருத்தி வைத்த சுருதிப்பெட்டியோ வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து மீட்டவோ அமுக்கவோ ஓர் ஆள் வேண்டும். தாளத்துக்கு மிருதங்கக்காரரை வீட்டுக்கு வரவழைப்பது வசதி உள்ளவர்களுக்கே முடியும். 1979-இல் பெங்களூரைச் சேர்ந்த ஜி. ராஜ் நாராயண் மின்னணுத் தம்பூராவை உருவாக்கினார். அவர் பொறியாளர், புல்லாங்குழல் கலைஞரும்கூட. பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் என்ன தேவை என்பது அவருக்குத் தன் அனுபவத்திலேயே தெரியும். அவருடைய ரேடல் நிறுவனத்தின் பெட்டிகள் கச்சேரி மேடை வரை வந்தன. இன்று அந்தப் பெட்டியும் தேவையில்லை. கைபேசியே சுருதியும் தாளமும் தருகிறது. வாடகை வீட்டில் ஒற்றை அறையில் இருக்கும் பிள்ளைக்கும் இப்போது சுத்தமான சுருதி கிடைக்கிறது. இதை நான் பெரிய நன்மையாகவே எண்ணுகிறேன்.

மேற்கத்திய இசையில் இந்த வசதி இன்னும் விரிந்தது. கனடாவின் பி.ஜி. மியூசிக் நிறுவனம் 1990-இல் 'பேண்ட் இன் எ பாக்ஸ்' என்ற மென்பொருளை வெளியிட்டது. பாட்டின் கார்டுகளை, அதாவது சுரக்கூட்டுகளை, தட்டச்சு செய்து பாணியைத் தேர்ந்தெடுத்தால் பியானோ, பேஸ், டிரம்ஸ் என்று ஒரு குழுவே உடன் வாசிக்கும். நம் ஊர்த் தேவாலயப் பாடற்குழுக்களிலும் மெல்லிசைக் குழுக்களிலும் கீபோர்டில் ஸ்டைல் போட்டு இடது கையால் கார்டு பிடிக்கிறார்களே, அதுவும் இதே வகைதான். தூரத்தில் இருப்பவர்களுக்கும் செயலி உதவுகிறது: பிரான்சில் குடியேறிய புதுவைக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் வீடியோ அழைப்பில் பாட்டுக் கற்கிறார்கள். அங்கே ஒலி ஒரு கணம் பிந்தி வருவதால் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து தாளம் போட முடியாது. அந்தப் பிள்ளைகளுக்குச் செயலி இல்லையென்றால் தாளக்கட்டே வராது.

புதிய கருவியைக் கண்டு அஞ்சுவது நமக்குப் புதிதல்ல. 1842-இல் பாரிசில் அலெக்சாந்தர் தெபேன் என்பவர் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1875 வாக்கில் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் அதைத் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி அமுக்கி வாசிக்கும்படி மாற்றினார். பிறகு அது ஊர் ஊராகப் பரவியது. 1908 முதல் 1918 வரை இந்தப் புதுவையில் வாழ்ந்த பாரதியார், 'சங்கீத விஷயம்' என்ற கட்டுரையில் ஆர்மோனியத்தைக் கடுமையாகச் சாடினார். அகில இந்திய வானொலி 1940-இல் அதற்குத் தடையே விதித்தது. அந்தத் தடை தளர 1971 ஆயிற்று. கமகத்துக்கு இடம் தராத, சுரங்களை நிலையாகப் பிடித்து வைத்த கருவி என்பது அவர்கள் கவலை. அந்தக் கவலையில் உண்மை உண்டு.

அதே ஆர்மோனியத்தை நாடக மேடையில் பாருங்கள். தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் நம் புதுவையில்தான் மறைந்தார். கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. அவர் எழுதிய வள்ளி திருமணம் போன்ற நாடகங்களை ஸ்பெஷல் நாடகமாக நடத்துகிறார்கள். வேறுவேறு ஊர்களிலிருந்து வரும் நடிகர்கள் ஒத்திகை இல்லாமல் அன்றிரவு மேடையில் சந்திப்பார்கள். நாயகனான ராஜபார்ட்டுக்கு ஒரு சுருதி, நாயகியான ஸ்த்ரீபார்ட்டுக்கு ஒரு சுருதி. ஒருவர் பாட்டை நீட்டுவார், இன்னொருவர் இடையில் வசனம் பேசி மீண்டும் பாட்டுக்குள் வருவார். அத்தனை பேரையும் விடியும் வரை தாங்கிப் பிடிப்பவர் ஆர்மோனியக்காரர். பின்பாட்டும் அவரே பாடுவார். அந்தக் கருவி அசையாத சுரங்களைக் கொண்டது. அதை வாசித்த மனிதரோ எல்லோருக்கும் வளைந்து கொடுத்தார். கருவியைத் தடை செய்வதா, பழகச் சொல்வதா என்ற வாதத்தைவிட, உடன் வாசிக்கிற மனிதரிடம் என்ன இருந்தது என்பதே எனக்கு முக்கியமான கேள்வி.

"இயந்திரத்துக்குக் கேட்கத் தெரியாது, அதுதான் வித்தியாசம்" என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது இப்போது சரியல்ல. 1984-இல் பாரிசில் நடந்த கணினி இசை மாநாட்டில் ரோஜர் டானன்பர்க், பாரி வெர்கோ என்ற இருவர், தனித்தனியாகச் செய்த ஆய்வில், வாசிப்பவரைக் கேட்டுப் பின்தொடரும் கணினியை அறிமுகப்படுத்தினார்கள். பாட்டின் சுரக்குறிப்பு முழுவதும் கணினியிடம் முன்பே இருக்கும். காதில் விழும் ஒவ்வொரு சுரத்தையும் அதோடு ஒப்பிட்டு, வாசிப்பவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்று கணித்துக்கொள்ளும். ஒரு சுரம் தவறினாலும் தாண்டிப் போனாலும் இடத்தைத் தேடிப் பிடித்துவிடும். நாம் வேகத்தைக் குறைத்தால் தானும் குறைக்கும். அந்த வழியில் வந்த செயலிகள் இன்று மாணவர்களின் கையில் இருக்கின்றன. எழுதி வைக்காமல் மேடையிலேயே பிறக்கும் நம் மனோதர்மத்தைப் பின்தொடர்வது அவற்றுக்குக் கடினம். ஆனால் நாளை அதுவும் கைகூடலாம்.

கைகூடட்டும். என் கவலை அப்போதும் அப்படியேதான் இருக்கும். எவ்வளவு நல்ல செயலியும் பிள்ளைக்காகக் காத்திருக்கும். பிள்ளை அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பிள்ளையின் தவற்றை அது பொறுக்கும். அதன் தவற்றைப் பிள்ளை பொறுக்க வேண்டிய தேவையே வராது. அதற்குத் தொண்டை கட்டாது, மனக்கவலை கிடையாது, இன்று நன்றாக வாசித்தாய் என்று பாராட்டினால் முகம் மலரவும் செய்யாது. அப்படி ஒரு துணையோடு மட்டும் வளரும் பிள்ளைக்கு இசையில் பாதிதான் வந்திருக்கிறது. பிறருக்குத் துணை நிற்பது என்ற மறுபாதியை அந்தப் பிள்ளை தொட்டே பார்க்கவில்லை.

அந்த மறுபாதி என்ன என்பதை மேடையிலிருந்து சொல்கிறேன். கச்சேரியின் கடைசிப் பகுதியில் பாடகர் விருத்தம் பாடுவார். தாளம் கிடையாது. மிருதங்கக்காரர் கையை எடுத்துவிட்டு அமைதியாகக் கேட்டுக்கொண்டிருப்பார்; அந்த அமைதியும் பக்கவாத்தியத்தில் சேர்ந்ததுதான். பாடகர் காம்போதியில் தொடங்கி மோகனத்துக்குப் போவார், அங்கிருந்து சிந்துபைரவிக்கு வருவார். முன்கூட்டிச் சொல்லமாட்டார். வயலின் வாசிக்கும் நான் முதல் பிடியிலேயே ராகத்தை உணர்ந்து, அவர் குரலை மூடாமல் வில்லைத் தணித்து நிழலாகப் போக வேண்டும். என் முறை வரும்போது அவர் கட்டிய அளவுக்குள்தான் நான் வாசிக்க வேண்டும். எனக்கு அதைவிட அதிகம் வரும் என்று காட்டுவதற்கு அது இடமில்லை.

கற்பனாசுரத்தில் கோர்வை பாடி எடுப்புக்கு வரும்போது பெரிய பாடகருக்கும் சில வேளை ஓர் அட்சரம் பிசகும். நல்ல மிருதங்கக்காரர் அடுத்த சமத்தில் ஓர் அழுத்தமான சொல்லைக் கொடுத்து இடத்தைக் காட்டுவார். பாடகர் புரிந்துகொண்டு சேர்ந்துவிடுவார். சபையில் பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரியாது. கச்சேரி முடிந்தபின் அதைப் பற்றி யாரிடமும் பேசாத மிருதங்கக்காரர்களோடு நான் உட்கார்ந்திருக்கிறேன். மற்றவருடைய குறையை மறைத்து அவரை நிமிர்த்தி நிறுத்தத் தெரிந்தவர்கள் அவர்கள். என் வாழ்க்கையில் நான் மதிக்கக் கற்றுக்கொண்ட குணம் இதுதான்.

இசையை விட்டு வீட்டுக்கு வருவோம். இன்று நம்மைச் சுற்றியுள்ளவை எல்லாம் நமக்கு இணங்கி நடக்கின்றன. பிடித்த படத்தை நினைத்த நேரத்தில் பார்க்கலாம், பிடிக்காத பாட்டை விரலால் தள்ளிவிடலாம். ஆனால் கூட வாழ்கிற மனிதர்கள் அப்படி இணங்கமாட்டார்கள். வயதான தாய் சொன்னதையே திரும்பச் சொல்வார். முதல் முறை கேட்பது போலக் கேட்க வேண்டும். கணவனுடைய வேகம் ஒன்று, மனைவியுடைய வேகம் ஒன்று. யாராவது ஒருவர் அவ்வப்போது நடையைக் குறைத்தால்தான் சேர்ந்து போக முடியும். துக்கத்தில் இருக்கும் நண்பனிடம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டிய நேரம் உண்டு, விருத்தத்தின்போது மிருதங்கக்காரர் இருப்பதைப் போல. இதற்கெல்லாம் பயிற்சி வேண்டும். சிறுவயதில் பிறருக்குப் பக்கவாத்தியம் வாசித்த பிள்ளைக்கு அந்தப் பயிற்சி முன்பே கிடைத்துவிடுகிறது.

பிழைப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கல்யாண வரவேற்புகளில் ஒரு பாடகரும் முன்பே பதிவு செய்த ஓர் இசை டிராக்கும் போதும் என்று ஆகிவருகிறது. தபலா, டோலக், மிருதங்கம் வாசிக்கிறவர்களுக்கு வாய்ப்புக் குறைகிறது. அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடத்தில் அரசு இசை சொல்லித்தருகிறது; ஊர்ப் பிள்ளைகள் ஆசையோடு படிக்கிறார்கள். படித்து வெளியே வரும் அவர்களை மேடையில் ஏற்ற வேண்டியது நம் பொறுப்பு.

ஆகவே ஆசிரியர்களுக்கு நான் சொல்வது: வீட்டுச் சாதகத்துக்குச் செயலியைக் கொடுங்கள். வாரத்தில் ஒரு வகுப்பை மட்டும் அது இல்லாமல் நடத்துங்கள். இரண்டிரண்டு பேராக உட்கார வையுங்கள். ஒருவர் பாடட்டும், மற்றவர் வாசிக்கட்டும். கருவி தெரியாவிட்டால் தாளம் போட்டுத் துணை நிற்கட்டும். பிறகு இடம் மாறட்டும். நன்றாகப் பாடும் பிள்ளையைத் தடுமாறும் பிள்ளையோடு சேர்த்து வையுங்கள். வேகத்தைக் குறைக்க வேண்டியது கெட்டிக்காரப் பிள்ளையின் பொறுப்பு என்று சொல்லிவிடுங்கள். ஆண்டு விழாவில் பாடியவருக்குத் தரும் பரிசைத் துணை வாசித்தவருக்கும் கொடுங்கள். பெற்றோர்களே, உங்கள் வீட்டு விசேஷத்துக்கு இளம் மிருதங்கக்காரர் ஒருவரை அழைத்து, கௌரவமான சன்மானம் கொடுங்கள். வகுப்பு முடிந்து வரும் பிள்ளையிடம் இன்று என்ன பாடினாய் என்று கேட்பதோடு நிறுத்தாமல், இன்று யாருக்குப் பக்கவாத்தியம் வாசித்தாய் என்றும் கேளுங்கள்.