ரதியின் கண்மை

அலங்காரம் என்பது வயிறு நிறைந்தோரின் பொழுதுபோக்கு என்று முற்போக்கு அன்பர்களில் சிலர் கருதுகின்றனர். உழைப்பவனுக்குச் சோறு வேண்டும். மையும் சாயமும் எதற்கு என்பது அவர்களது வினா. இதற்கு விடை காண விரும்புவோரை மாசி மாதத்தில் சப்ரகமுவத் தோட்டங்களுக்கு வருமாறு அழைக்கின்றோம்.

இரத்தினபுரிக்கு அருகே, குரு கங்கை பாயும் ஊர் குருவிட்ட. மழைக்குப் பேர்போன இப்பகுதியில் தையும் மாசியும் சற்றே வெயில் காணும் மாதங்கள். றப்பர் மரங்கள் இலையுதிர்த்துச் செம்பு நிறத் தளிர் விடும் பருவம் அது. பிரேசில் நாட்டு வித்தில் முளைத்த கன்றுகள் 1876-ல் ஹெனரத்கொட பூங்காவுக்கு வந்திறங்கின. அவ்வழிவந்த மரங்களைத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்தோரின் சந்ததியார் இன்று கீறிப் பாலெடுக்கின்றனர். மலையே நிறம் மாறும் அவ்வேளையில்தான் லயங்களில் காமன் கூத்து நிகழ்கின்றது.

வளர்பிறையில் கம்பம் ஊன்றுவர். பௌர்ணமியையொட்டிக் காமனை எரிப்பர். அத்தகைய இரவொன்றில், குருவிட்டப் பகுதித் தோட்டமொன்றில், வேடம் புனையுமிடத்தில் நாம் அமர்ந்திருந்தோம். விடியலில் பால்வெட்டிய கைகள் முத்துவெள்ளையைத் தேங்காயெண்ணெயில் குழைத்தன. ஆமணக்கெண்ணெய் விளக்கின்மேல் கவிழ்த்த தட்டில் படிந்த கரியை வழித்து மை கூட்டினர். ரதி வேடம் பூண்ட இளைஞனுக்கு அந்த மை காதளவு நீண்டது. வீரபத்திரனுக்கோ இமையைச் சுற்றிக் கருமை, அதனைச் சுற்றிச் செம்மை. சிவனுக்கு நெற்றியில் மூன்றாவதாக ஒரு கண் எழுதினர்.

அன்று காலை பிரட்டுக்களத்தில், அரைப்பேர்தான் விழுமோ என்று அஞ்சி நின்றவன், அந்த விழிகளோடு நிமிர்ந்தபோது கூட்டம் விலகி வழிவிட்டது. ஆண்டு முழுவதும் பிறர் கையால் பேரேட்டில் எழுதப்படும் மனிதன், ஓரிரவு தன் முகத்தைத் தானே எழுதிக்கொள்கிறான். அதனை வீண் ஆடம்பரம் என்று நாம் சொல்லோம்.

ஆயினும் அதே இரவில் மற்றொன்றையும் கண்டோம். நெற்றிக்கண் திறந்தது, காமன் எரிந்தான், ரதி புலம்பினாள். ஆண்மகன் ஒருவன் மை கரைந்தொழுக அழ, கூடியிருந்த பெண்டிர் விம்மினர். பின்வரிசையில், வெளிறிய சேலையில், ஒரு மூதாட்டி நின்றார். இருபது வயது நிரம்புமுன் கணவனை இழந்து, தனியொருத்தியாய்க் கொழுந்து பறித்து மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். "நீங்கள் ஏன் அம்மா, முன்னே போய் உட்காரவில்லை?" என்று கேட்டோம்.

"நல்ல காரியத்துல நான் எப்படிங்கய்யா முன்னுக்கு நிக்கிறது? மையும் கலரும் அந்த மனுஷனோடயே எரிஞ்சிருச்சு" என்றார். அவர் குரலில் துயரம்கூட இல்லை. பழகிப்போன அமைதியே இருந்தது. அவ்வமைதியே நம்மைச் சுட்டது.

விதவை மறுமணச் சட்டம் இந்தியாவில் 1856-ல் வந்தது. இலங்கைத் தோட்டங்களில் ஆணுக்குச் சமமான நாட்கூலி 1984-ல் பெண்ணுக்குக் கிடைத்தது. கூலியில் சமமான கை, தன் நெற்றியில் ஒரு பொட்டு வைக்க மட்டும் ஏன் நடுங்க வேண்டும்? இத்தடையைத் துரை விதிக்கவில்லை, கம்பெனியும் விதிக்கவில்லை. வேலைநிறுத்தம் செய்து இதனை வெல்லவும் இயலாது. நமது லயத்துக்குள் நாமே விதித்துக்கொண்ட விதி இது.

எரிந்த காமன் ரதியின் கண்களுக்கு மட்டும் தெரியுமாறு மீண்டும் உயிர்பெற்றான் என்பது புராணம். மாண்டவனை மீட்டுத் தரும் கதைக்கு மனமிரங்கும் சமுதாயம், எஞ்சி நிற்பவளுக்கு ஒரு சிவப்புச் சேலையை மறுப்பது எந்த நியாயம்?

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! கூத்தைக் காக்க வேண்டும் என்று பலரும் பேசுகின்றனர். காப்போம், அது உழைப்பாளியின் சொந்தக் கலை. ஆனால் கூத்தைக் காப்பதற்காக, அதன் பின்வரிசையையும் அப்படியே காக்க வேண்டியதில்லை. ரதிக்காகக் கண்ணீர் விடும் ஊர், தன் நடுவில் வாழும் ரதிகளை முன்வரிசைக்கு அழைக்கட்டும். வேடம் கலைந்த பின்னும் நிலைத்து நிற்கும் வண்ணம் அதுவே.