தாத்தாவின் தகரப் பெட்டி

(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி)

‘பணம் பத்தும் செய்யும்’ என்பார்கள் பெரியோர். ஆனால் அந்தப் பணமே செல்லாது என்று ஆகிவிட்டால் என்ன செய்வது? இதற்கு விடை தேடி லண்டன் மாநகரின் வீதிகளில் அலைந்த அனுபவத்தை என் அன்புத் தோழியரோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

என் தாத்தா தூத்துக்குடியைச் சேர்ந்தவர். சரக்குக் கப்பலில் மாலுமியாக இருந்து 1990ஆம் ஆண்டு ஓய்வு பெற்றார். சென்ற ஆண்டு இறைவனடி சேர்ந்தார். அவருடைய பழைய பிஸ்கட் தகரப் பெட்டியில் அவர் கால் பதித்த நாடுகளின் பண நோட்டுகள் சில பத்திரமாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. கோடை விடுமுறையில் அப்பாவும் நானும் லண்டனில் செவிலியராகப் பணிபுரியும் அத்தையின் வீட்டுக்குப் புறப்பட்டபோது, பாட்டி அந்தப் பெட்டியை என் கையில் கொடுத்தார். “இதை மாற்றிக்கொண்டு வாருங்கள். கல்லறைத் திருநாளுக்கு முன் தாத்தாவின் கல்லறையில் பெயர்க்கல் வைக்க வேண்டும். அது அவர் உழைத்த காசாக இருக்க வேண்டும்” என்றார். அப்பா தாமே செலவு செய்வதாக எவ்வளவோ சொல்லியும் பாட்டி இணங்கவில்லை.

பெட்டியில் இருந்தவற்றை அத்தை வீட்டு மேசையில் பரப்பி எண்ணினோம். ஷேக்ஸ்பியர் படம் போட்ட 20 பவுண்டு நோட்டு இரண்டு, கைவிளக்கேந்திய காரிகை பிளாரன்ஸ் நைட்டிங்கேல் படம் போட்ட 10 பவுண்டு நோட்டு மூன்று, வெல்லிங்டன் பிரபு படம் போட்ட 5 பவுண்டு நோட்டு நான்கு, நியூட்டன் படம் போட்ட 1 பவுண்டு நோட்டு ஆறு. ஆக மொத்தம் 96 பவுண்டு. இவை தவிர ஜெர்மன் மார்க், பிரெஞ்சு பிராங்க், இத்தாலிய லிரா நோட்டுகளும் சில இருந்தன.

முதலில் ஒரு நாணயமாற்றுக் கடைக்குச் சென்றோம். அங்கிருந்த இளைஞர் நோட்டுகளைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். “இவை நான் பிறப்பதற்கு முன்பே நின்று போனவை” என்றார். அவர் சொன்னது உண்மைதான். நியூட்டன் நோட்டு 1988லும், வெல்லிங்டன் நோட்டு 1991லும், ஷேக்ஸ்பியர் நோட்டு 1993லும், நைட்டிங்கேல் நோட்டு 1994லும் புழக்கத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்டன. பழைய நோட்டுகளை விலைக்கு வாங்கும் மற்றொரு கடைக்காரரோ பாதிப் பணம்தான் தருவேன் என்றார். என் நெஞ்சம் கனத்தது. பாட்டியின் முகம் கண்முன் வந்து நின்றது.

அப்போதுதான் மாமா, “கடைக்காரர்கள் கிடக்கட்டும்; நோட்டை அச்சிட்டுக் கொடுத்தவர்களிடமே போய்க் கேட்போம்” என்றார். மறுநாள் காலை ‘பேங்க்’ என்னும் பெயருடைய சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கினோம். படியேறி வெளியே வந்தால் எதிரே கோட்டை போல நிற்கிறது இங்கிலாந்து வங்கி! 1694ஆம் ஆண்டு தோன்றிய இவ்வங்கி, 1734 முதல் திரெட்நீடில் வீதியில் இருந்து வருகிறது. நூலும் ஊசியும் சேர்ந்த பெயர் ஒரு வீதிக்கு! வங்கியையே ‘திரெட்நீடில் வீதிக் கிழவி’ என்று செல்லமாக அழைப்பார்களாம்.

வாசலில் நீண்ட வரிசை. எங்களுக்கு முன்னால் ஒரு முதியவர் நின்றார். காலமான தம் மனைவியின் கைப்பையில் கிடைத்த நோட்டுகளைக் கொண்டு வந்திருப்பதாகக் கூறினார். ஊர் வேறு, மொழி வேறு. ஆனால் அவர் கதையும் எங்கள் கதையும் ஒன்றாகவே இருந்தன. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு எங்கள் முறை வந்தது. படிவத்தை நிரப்பி, கடவுச்சீட்டைக் காட்டினோம். கண்ணாடிக்கு அப்பால் இருந்த அம்மையார் ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எனக்கோ படபடப்பு. மனத்துக்குள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் புன்னகையோடு எண்ணிக் கொடுத்தவை: ஓவியர் டர்னர் படம் போட்ட 20 பவுண்டு நோட்டு நான்கு, ஜேன் ஆஸ்டின் படம் போட்ட 10 பவுண்டு நோட்டு ஒன்று, சர்ச்சில் படம் போட்ட 5 பவுண்டு நோட்டு ஒன்று, ஒரு பவுண்டு நாணயம் ஒன்று. ஒரு பென்னிகூடக் குறையவில்லை! இப்போதைய நோட்டுகள் காகிதத்தால் ஆனவை அல்ல. ஒருவகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை. கடைசிக் காகித நோட்டுகளான 20, 50 பவுண்டு நோட்டுகள் 2022 செப்டம்பர் 30க்குப் பிறகு கடைகளில் செல்லாது. ஆனாலும் அந்த வங்கி தான் வெளியிட்ட எந்த நோட்டையும், எத்தனை ஆண்டுகள் கழித்துக் கொண்டு வந்தாலும், அதில் குறித்த தொகைக்கு மாற்றித் தருகிறது. நேரில் வர முடியாதவர்கள் தபாலிலும் அனுப்பலாம். நோட்டைக் கொண்டு வருபவருக்கு அத்தொகையைக் கொடுக்க உறுதி கூறுகிறேன் என்று ஒவ்வொரு நோட்டிலும் அச்சிட்டிருக்கிறார்கள் அல்லவா? அந்த உறுதிமொழியை அவர்கள் காக்கிறார்கள்.

ஆனால், தோழியரே, எல்லா நாடுகளும் அப்படியில்லை. இத்தாலிய லிராவில் மார்க்கோ போலோவின் படம் இருந்தது. நம் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதி வைத்தவர் ஆயிற்றே என்று மகிழ்ந்தேன். ஆனால் இத்தாலி 2011 டிசம்பர் 6 அன்றே லிராவை மாற்றித் தருவதை நிறுத்திவிட்டது. பிரெஞ்சு பிராங்குக்கும் 2012 பிப்ரவரி 17 அன்று கதவு அடைபட்டது. இவ்விரண்டும் இன்று வெறும் படங்களே. நம் நாட்டிலும் 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது மக்கள் வங்கி வாசல்களில் காத்துக் கிடந்ததை வீட்டில் இன்றும் சொல்வார்கள். வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கு 2017 ஜூன் 30 வரை தவணை கொடுத்தார்கள். அதன்பின் அதுவும் முடிந்தது.

ஜெர்மனியோ இங்கிலாந்தைப் போன்றது. 2002இல் யூரோ நோட்டுகள் வந்த பிறகும், அந்நாட்டு மைய வங்கி மார்க் நோட்டுகளைக் காலவரையறை இன்றி மாற்றிக் கொடுக்கிறது. 1.95583 மார்க்குக்கு 1 யூரோ என்பது மாறாத விகிதம். தாத்தாவிடம் 10 மார்க் நோட்டுகள் இரண்டு இருந்தன. மாற்றினால் ஏறத்தாழ 10 யூரோ 23 சென்ட் கிடைக்கும். தபாலில் அனுப்பிவிடலாம் என்று மாமா படிவமும் எடுத்து வைத்தார். ஆனால் அந்த நோட்டின் பின்புறம் பாய் விரித்த கப்பல் ஒன்றின் படம் இருந்தது. ‘கோர்ச் ஃபாக்’ என்னும் ஜெர்மன் பயிற்சிக் கப்பலாம் அது. தொலைபேசியில் பாட்டியிடம் சொன்னோம். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, “கப்பல் போட்ட நோட்டை மாற்ற வேண்டாம் ராசா. அது என்னிடமே இருக்கட்டும்” என்றார். படிவம் நிரப்பப்படாமலே இருந்துவிட்டது.

96 பவுண்டு ஊரில் ஏறக்குறைய பத்தாயிரம் ரூபாய் ஆயிற்று. பெயர்க்கல்லும் அதற்குள்ளேயே முடிந்தது. பவுண்டின் எண்ணிக்கை மாறாவிட்டாலும் தாத்தா அதைச் சம்பாதித்த நாளில் அதற்கிருந்த வாங்கும் சக்தி இப்போது இல்லை என்றார் அப்பா. பணத்தைப் பெட்டியில் பூட்டினாலும் காலம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகிறது என்பதை அறிந்துகொண்டேன்.

வெளிநாடு செல்லும் தோழியருக்கு ஒரு சிறு வேண்டுகோள். வீட்டில் பழைய அயல்நாட்டு நோட்டுகள் இருந்தால் புறப்படும் முன்பே அந்நாட்டு மைய வங்கியின் விதியை அறிந்துகொள்ளுங்கள். கடைக்காரர் ஒருவர் மறுத்தார் என்பதற்காகத் தூக்கி எறியாதீர்கள்; பாதி விலைக்குக் கொடுத்தும் விடாதீர்கள். கடவுச்சீட்டை மறவாதீர்கள்.

சாதாரணக் காகிதம் பணமாவது அதன் பின்னால் நிற்கும் சொல்லால்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒரு வங்கி, முன்பின் அறியாத ஒரு மாலுமியின் குடும்பத்துக்குத் தன் சொல்லைக் காத்தது. தன் காசிலேயே தாத்தாவுக்குப் பெயர்க்கல் அமைய வேண்டும் என்ற பாட்டியின் சொல்லும் நிறைவேறியது. நாமும் கொடுத்த வாக்கைக் காப்போமாக!