ராணிக்கு வெள்ளை பூசிய நாள்

எங்கள் அப்பா ரதி வேஷம் கட்டுவார். மாசி மாதம் காமன் கம்பம் ஊன்றிய நாளிலிருந்து அவர் கொழுந்து மடுவத்தில் நிற்கும் ஆள் மாதிரியே இருக்க மாட்டார். பகலில் வேலைக்குப் போவார், பேர் போடுவார். ஆனால் பேச்சு குறைந்துவிடும். கூத்து முடியும் இரவு, சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதனை எரித்த பின் அப்பா ரதியாக நின்று புலம்புவார். தப்புச் சத்தம் அடங்கிப் போகும். காமன் பொட்டலைச் சுற்றிக் கம்பளியைப் போர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள் எல்லோரும் அழுவார்கள். புருஷனை இழந்தவர்கள் எழுந்தே போய்விடுவார்கள். மீசை எடுத்த ஓர் ஆம்பிளைதான் அழுகிறார் என்று ஒருவருக்கும் தோன்றாது. அதற்குப் பாதிக் காரணம் அவருடைய குரல், மற்றப் பாதி முகத்தில் பூசிய வெள்ளை.

அந்த வெள்ளையை அவருக்குக் கரைத்துக் கொடுத்தது நான். லயத்து இஸ்தோப்பில் குப்பி விளக்கை வைத்துக்கொண்டு, பீங்கான் கோப்பையில் முத்துவெள்ளையைத் தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைக்க வேண்டும். கட்டி தட்டக் கூடாது. முதலில் முகத்தில் மஞ்சள், அதற்கு மேல் வெள்ளை, கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு, கண்ணுக்கு விளக்குக் கரி. "கறுத்த தோல்ல வெறும் வெள்ளையப் போட்டா சாம்பல் பூத்துப் போகும், பொணம் மாதிரி இருக்கும். மஞ்சள் அடியில இருந்தாத்தான் உசுரு இருக்கும்" என்பார் அப்பா. தேய்க்க விடமாட்டார். விரல் நுனியால் தட்டித் தட்டித்தான் ஏற்ற வேண்டும். இதெல்லாம் ஒரு நாள் இங்கிலாந்து ராணிக்கு உதவும் என்று அவரும் நினைத்திருக்க மாட்டார், நானும் நினைக்கவில்லை.

என் அக்காவைக் கிளிநொச்சிப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தோம். 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பம் அது. எங்கள் பக்கத்திலிருந்து அப்படிப் போனவர்கள் நிறையப் பேர். அக்கா 2009 சித்திரையில் மாத்தளனில் போய்விட்டாள். அவளுடைய மகள் செட்டிக்குளம் முகாமில் இருந்து, 2010இல் எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தாள். இடது கன்னத்தில், காதுக்குக் கீழே தொடங்கி வாய் ஓரம் வரை ஷெல் துண்டு கிழித்த வடு. வந்த நாளிலிருந்து அந்தப் பக்கத்தை யாருக்கும் காட்டமாட்டாள். தலைமுடியை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டு, சுவர் ஓரமாகத்தான் படுப்பாள். தலைக்கு எண்ணெய் வைக்கப் போனாலும் கையைத் தட்டிவிடுவாள்.

இங்கே பிள்ளைகள் "சித்தி" என்பார்கள், இவள் என்னைச் "சின்னம்மா" என்றாள். அதையும் பள்ளிக்கூடத்தில் கேலி பண்ணினார்கள். அங்கே இருந்தபோது தோட்டக்காட்டுப் பிள்ளை என்று கேலியாம். இங்கே வந்தால் யாழ்ப்பாணத்துப் பேச்சு என்று கேலி.

2012இல் பள்ளிக்கூடத்தில் ஆங்கில தினத்துக்கு "தேயிலையின் கதை" என்று ஒரு சிறு நாடகம் போட்டார்கள். முதல் காட்சியில் முதலாம் எலிசபெத் மகாராணி கிழக்கிந்தியக் கம்பனிக்குப் பட்டயம் கொடுக்கிறார். அது 1600 டிசம்பர் 31இல் நடந்தது. பிறகு சீனத் தேயிலை, கடைசியில் லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெயிலர் நட்ட தேயிலை. ராணியின் வசனத்தைத் தப்பில்லாமல் சொன்னது எங்கள் பிள்ளை ஒருத்திதான். ஆங்கில மிஸ் அவளையே எடுத்துவிட்டார். ஆனால் வேறொரு ஆசிரியர் எல்லோர் முன்னாலும் சொன்னாராம்: "ராணி வெள்ளையா இருக்க வேணும். இந்தக் கன்னத்தை என்ன செய்யிறது?" பிள்ளை வீட்டுக்கு வந்து, "நான் நடிக்கேல்ல சின்னம்மா" என்று படுத்துவிட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. அப்பாவின் மகள் நான், ஒரு முகத்தை வெள்ளையாக்க எனக்குத் தெரியாதா? அடுத்த நாளே மிஸ்ஸிடம் போய், வேஷம் நான் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மிஸ் ராணியின் படம் ஒன்றைத் தந்தார். முகம் முட்டை ஓடு மாதிரி இருந்தது. நெற்றி அகலம், புருவம் இருக்கிற இடமே தெரியவில்லை, கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாக ஒரு துணி வளையம். அந்தக் காலத்தில் அங்கே பெரிய வீட்டுப் பெண்கள் வெள்ளையாக இருக்க ஆசைப்பட்டதற்குக் காரணம் கேட்டேன். வெயிலில் வேலை செய்கிறவள்தான் கறுப்பாள், வெள்ளையாக இருந்தால் வேலை செய்யத் தேவையில்லாதவள் என்று அர்த்தமாம். மலையில் நின்று கொழுந்து எடுக்கிற எங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அவர்கள் பூசிய வெள்ளை எது தெரியுமா? ஈயம். ஈயத் தகட்டை வினாகிரி ஆவியில் வைத்தால் மேலே வெள்ளையாகப் பூக்கும். அதைச் சுரண்டி, அரைத்து, தண்ணீரிலோ வினாகிரியிலோ குழைத்துப் பூசுவார்கள். வெனிஸ் நகரத்து ஈய வெள்ளைக்கு மதிப்பு அதிகம். அது தோலைக் கெடுக்கும், உடம்புக்குள் போனால் நஞ்சு. தோல் கெட்டதை மறைக்க இன்னும் தடிப்பாகப் பூசுவார்கள். நம்முடைய கூத்துக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. பழைய ஆட்கள் முகத்துக்கு அரைத்த அரிதாரக் கல்லில் இருப்பது ஆர்செனிக். நல்ல வேளை, எங்கள் அப்பா சமையல் மஞ்சளோடு நின்றுகொண்டார்.

மிஸ் சொன்ன இன்னொரு விஷயந்தான் பிள்ளையைப் படுக்கையிலிருந்து எழுப்பியது. அந்த ராணிக்கு 1562 ஒக்டோபரில் பெரியம்மை போட்டது. சாகக் கிடந்து பிழைத்தார். ராணி ஈய வெள்ளை பூசியதே அந்தத் தழும்பை மறைக்கத்தான் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அதற்கு அந்தக் காலத்துச் சாட்சி குறைவு என்று இப்போது சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் பக்கத்தில் இருந்து ராணியைப் பராமரித்த மேரி சிட்னி என்ற பெண்ணுக்கு அம்மை தொற்றி, அவருடைய முகம் மோசமாகக் கெட்டுப் போனது உண்மை. பிள்ளை நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "அந்த மனிசிக்கு ஆர் வெள்ளை பூசினது?" எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த நாள் ஒத்திகைக்குப் போனாள்.

வெள்ளை வாங்க ஹட்டன் டவுனுக்குப் போனேன். கடைக்காரத் தம்பி ஒரு சின்ன டப்பாவை எடுத்து நீட்டினார். ஏழு நாளில் வெள்ளையாகும் என்றார். அதில் எங்கே செய்தது, என்ன சேர்த்தது என்று ஒரு எழுத்து இல்லை. சகோதரிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். இப்படி வரும் வெள்ளையாக்கும் கிறீம்களில் பலவற்றில் பாதரசம் இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அது தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூசுகிற ஆளுக்கு மட்டுமல்ல, அவளைக் கட்டிப் பிடிக்கும் குழந்தைக்கும் அது போகும். பெட்டியில் மெர்க்குரி, கலோமல் என்ற சொற்கள் இருந்தாலோ, தங்கம் வெள்ளி நகையில் படக்கூடாது என்று எழுதியிருந்தாலோ வாங்காதீர்கள். ஒன்றுமே எழுதாத டப்பாவைத் தொடவே வேண்டாம். மினமாட்டா உடன்படிக்கையின் கீழ், பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களை 2025க்குப் பின் செய்யவோ இறக்குமதி செய்யவோ கூடாது என்று நாடுகள் 2023இல் முடிவு எடுத்தன. அதனால் கடைத்தெருவில் எல்லாம் மறைந்துவிட்டது என்று நம்பிவிடக் கூடாது.

நான் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பாமசிக்குப் போய் ஒரு போத்தல் கலமைன் வாங்கினேன். கொப்புளிப்பானுக்குப் பூசுவோமே, அதேதான். அதில் இருப்பது துத்தநாக வெள்ளை, இரும்புத் துருவின் நிறம் கொஞ்சம் சேர்ந்து இளஞ்சிவப்பாக இருக்கும். முதலில் முழங்கை மடிப்பில் பூசி ஒரு நாள் பொறுத்துப் பார்த்தோம், அரிக்கவில்லை. பிறகு முகத்தில் மூன்று தடவை மெல்லிசாகப் பூசினேன். காய்ந்ததும் அழகாகத்தான் இருந்தது. பிள்ளை வசனம் சொல்ல வாயைத் திறந்தாள். வெயிலில் காய்ந்த குளத்து மண் மாதிரி வாய் ஓரமெல்லாம் வெடித்தது. அம்மாயி சிரித்த சிரிப்பில் பொக்கை வாய் மூட மாட்டேன் என்றது. பிள்ளையும் சிரித்தாள், இன்னும் வெடித்தது.

கடைசியில் அப்பாவின் வழிக்கே வந்தேன். மெல்லிசாக மஞ்சள், அதற்கு மேல் எண்ணெயில் குழைத்த துத்தநாக வெள்ளை, மேலே பவுடர், ஈரத் துணியால் ஒற்றல். புருவத்தின் மேலும் வெள்ளையை ஏற்றினேன். ஆனால் வடுவில் மட்டும் பிடிக்கவில்லை. மற்றத் தோலில் இருக்கும் மயிர்க்கால், வியர்வைத் துளை அங்கே இல்லை, வழவழவென்று இருக்கும். நிறத்தை மறைக்கலாம், மேட்டை மறைக்க முடியாது. சொல்லப் போனால், முகம் வெள்ளையானதும் மேட்டின் நிழல் இன்னும் நன்றாகத் தெரிந்தது. வடுவில் மட்டும் வஸ்லின் தடவி, அதன் மேல் வெள்ளைப் பொடியை வைத்து அழுத்தினேன். ஓரளவு நின்றது.

கழுத்து வளையத்துக்குப் பழைய வெள்ளைச் சீத்தைத் துணியை விசிறி மடிப்பாக மடித்து, தடித்த கஞ்சியில் தோய்த்து அடுப்புப் பக்கத்தில் காயவைத்தோம். அந்த நாட்டிலும் கஞ்சிதானாம். லண்டன்காரருக்கு அந்த வேலையைக் கற்றுக் கொடுத்தது டிங்கன் வான் டென் பிளாஸ் என்ற பெண். தன் நாட்டில் பாதுகாப்பில்லை என்று 1564இல் கணவனோடு லண்டனுக்கு ஓடி வந்தவள். காசு வாங்கிக்கொண்டு பெரிய வீட்டுப் பெண்களுக்குக் கஞ்சி காய்ச்சச் சொல்லிக் கொடுத்துப் பிழைத்திருக்கிறாள்.

அன்றைக்கு ஹட்டனில் நல்ல குளிர். எண்ணெய் போத்தலிலேயே உறைந்திருந்தது. வகுப்பறையில் வைத்துப் பூசியபோது வெள்ளை சுண்ணாம்பு மாதிரி இறுகி நின்றது. மேடையில் பெரிய விளக்குகள் போடுவார்கள், மண்டபம் நிறைய ஆட்கள் இருப்பார்கள் என்பதை நான் யோசிக்கவே இல்லை. அப்பா ஆடியது மாசிப் பனியில், திறந்த வெளியில். ராணி பட்டயத்தைக் கையில் எடுத்தபோது எண்ணெய் இளகத் தொடங்கிவிட்டது. மற்ற இடமெல்லாம் நின்றது. வடுவில் வைத்த வெள்ளை மட்டும் மெதுவாக வழிந்து கழுத்து வளையத்தில் சொட்டியது. வடு முழுசாகத் தெரிந்தது. நான் திரைக்குப் பின்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

பிள்ளைக்கும் தெரிந்துவிட்டது. ஒரு கணம் கை கன்னத்துக்குப் போனது. பிறகு கையை இறக்கிவிட்டு, சபையைப் பார்த்தபடியே மிச்ச வசனத்தைச் சொல்லி முடித்தாள். சத்தம் கூடத்தான் இருந்தது, குறையவில்லை. கை தட்டினார்கள். பரிசு வேறொரு நாடகத்துக்குக் கிடைத்தது.

வகுப்பறைக்கு வந்து பஞ்சில் எண்ணெய் தொட்டுத் துடைக்கத் தொடங்கினேன். நெற்றி, மூக்கு, வலக் கன்னம். இடப் பக்கம் வந்ததும் என் கை நின்றுவிட்டது, வழக்கம்போலத் தட்டிவிடுவாள் என்று. அவள் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"துடையுங்கோ சின்னம்மா. நோகாது."

வெள்ளை எல்லாம் போய்விட்டது. மஞ்சள் மட்டும் காதுக்குப் பின்னால் இரண்டு நாள் இருந்தது. பெரட்டில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்து, வீட்டில் ஏதாவது விசேஷமா, பிள்ளை பெரிய மனுசி ஆகிட்டாளா என்று கேட்டார்கள்.