டான்யூப் கரையோரம் – 4: குதிரைகள் நடந்த பாதை

சனிக்கிழமை பிற்பகல். ஷ்லேகன் முகாமுக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர்தான். சின்ன மேடு ஒன்று வந்ததால் கியரை இறக்கினேன். பின்னால் 'கடக்' என்றது, பெடல் அப்படியே இறுகி நின்றது. இறங்கிப் பார்த்தால் கியர் மாற்றி சக்கரக் கம்பிகளுக்குள் சொருகிக் கிடந்தது. அதைச் சட்டத்தோடு பிணைக்கும் ஹேங்கர் இரண்டாக ஒடிந்திருந்தது.

ஹேங்கர் என்பது விரல் நீளமே உள்ள அலுமினியத் துண்டு. அதை வேண்டுமென்றே மென்மையாகச் செய்கிறார்கள். அடி பட்டால் சட்டத்துக்கு முன்பாக இது ஒடிய வேண்டும் என்பது கணக்கு. அந்த வகையில் என் ஹேங்கர் தன் கடமையைச் செய்துவிட்டது. பாசாவ் ரயில் நிலையத்தில் வண்டி வலப்பக்கமாகச் சாய்ந்து விழுந்ததைச் சென்ற பகுதியில் எழுதியிருந்தேன். மண்ணைத் தட்டிவிட்டுக் கிளம்பிவிட்டேன். அப்போதே பின்னால் நின்று குனிந்து பார்த்திருந்தால், அது உள்பக்கமாக வளைந்திருப்பது தெரிந்திருக்கும்.

வண்டியை முகாம் வரை தள்ளிக்கொண்டு போனேன். முகாமை நடத்தும் அம்மையார் லின்ஸில் இருக்கும் சைக்கிள் கடை ஒன்றை, அவர்கள் கதவடைக்கும் முன் ஃபோனில் பிடித்தார். ஹேங்கரில் நூற்றுக்கணக்கான வடிவங்கள் உண்டு. பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் திருகுத் துளை சற்றே தள்ளியிருந்தால் பொருந்தாது. என் சட்டத்துக்கு உரியது கடையில் இல்லை. ஞாயிறு அன்று ஆஸ்திரியாவில் கடைகள் பூட்டிக் கிடக்கும். திங்களன்று தருவித்து, முகாம் முகவரிக்கே தபாலில் அனுப்புவதாகச் சொன்னார்கள். புதன்கிழமை கிடைக்கும்.

பக்கத்துக் கூடாரத்தில் நெதர்லாந்துப் பெரியவர் ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். "பாதை தட்டைதானே, ஒற்றைக் கியரில் லின்ஸ் வரை போய்விடலாம்" என்று அவர் தன் கருவிப் பையோடு வந்து உட்கார்ந்தார். கியர் மாற்றியைக் கழற்றி, சங்கிலியில் கண்ணிகளைக் குறைத்து, நடுப் பல்சக்கரத்தில் நேராகப் பூட்டினார். ஞாயிறு காலை ஓட்டிப் பார்த்தேன். முந்நூறு மீட்டர்கூடப் போயிருக்கமாட்டேன், சங்கிலி பக்கத்திலிருந்த பெரிய பல்சக்கரத்துக்குத் தானாக ஏறி வில் நாண்போல் விறைத்துக்கொண்டது. இன்றைய பல்சக்கரங்களில் சங்கிலி எளிதாக ஏறட்டும் என்றே பக்கவாட்டில் சரிவு வெட்டியிருக்கிறார்கள். கியர் மாற்றி பிடித்து நிறுத்தாவிட்டால் அது ஏறத்தான் செய்யும். "இருபது கிலோ மூட்டையோடு இது ஆகாது. காத்திருங்கள்" என்றார்.

காத்திருந்தேன். முகாமுக்கு மேலே காட்டுக்குள் அரைமணி நேரம் ஏறினால் ஷ்லேகன் வளைவு முழுவதும் தெரியும். போகிமியப் பாறைத்திட்டின் கடுங்கல்லை அறுத்துக்கொண்டு வரும் டான்யூப், அங்கே வந்த திசைக்கே திரும்புகிறது. கீழே, அக்கரையிலுள்ள ஆவ் என்ற சிற்றூருக்குப் படகு சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு போய்வந்தது. ஷ்லேகனில் ரோமானியக் காவற்கோட்டையும் குளியலறையும் இருந்த தடயங்களைப் பேணி வைத்திருக்கிறார்கள். இந்த ஆறு ரோமானியர்களுக்கு எல்லைக்கோடு.

ஆற்றோரப் பலகை ஒன்றில் 2,187 என்று எழுதியிருந்தது. டான்யூபின் கிலோமீட்டரைக் கருங்கடல் முகத்துவாரத்திலிருந்து மேல்நோக்கி எண்ணுகிறார்கள். பாசாவிலிருந்து வரும் வழியெல்லாம் இந்த எண்கள் குறைந்துகொண்டே வந்ததை என் வேகத்துக்கான சான்றாக எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாதை எப்படி வந்தது என்று பெரியவர் திங்கள் மாலை தேநீர்க் கோப்பையோடு சொல்லத் தொடங்கினார்.

நாங்கள் சைக்கிள் ஓட்டும் இந்தப் பாதையின் பல பகுதிகள் பழைய இழுவைப் பாதைகள். நீரோட்டத்தோடு படகு தானாகப் போய்விடும். மரப்படகுகள் பலவற்றைக் கீழே போய்ச் சேர்ந்ததும் உடைத்து மரமாகவே விற்றார்கள். எதிரோட்டத்தில் தானியமும் ஒயினும் மேலேற வேண்டுமானால், கரையில் குதிரைகள் கயிறு பூட்டி இழுத்தாக வேண்டும். பெரிய படகுத் தொடர்களுக்கு 40, 50 குதிரைகள்கூடத் தேவைப்பட்டன. வியன்னாவிலிருந்து பாசாவ் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். 1829-இல் டான்யூப் நீராவிக் கப்பல் நிறுவனம் தோன்றியது. 1837-இல் வியன்னாவுக்கும் லின்ஸுக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடியது. மெல்ல மெல்லக் குதிரைகள் கரையை விட்டுப் போயின. பாதை மட்டும் நின்றது.

பாதை இவ்வளவு தட்டையாக இருப்பதற்குக் காரணம் அதுதான். சுமை இழுக்கும் குதிரைக்கு மேடு ஆகாது. மூன்று நாளாக நான் அனுபவித்த சுகம், எதிர்த்திசையில் நடந்து தேய்ந்த கால்களின் கொடை. அவை எதிர்த்து நடந்த ஓட்டத்தையும் இன்று இங்கே காண முடியாது. கீழே ஆஷாக்கில் 1964-இல் அணைக்கட்டும் மின்நிலையமும் வந்தபின் ஷ்லேகனில் தண்ணீர் ஏரிபோல் நிற்கிறது. செவ்வாய் முழுவதும் அந்த நீர் விளிம்பில்தான் உட்கார்ந்திருந்தேன். ஓட்டிக்கொண்டே போயிருந்தால் வளைவைப் படம் பிடித்திருப்பேன், பாதையைப் பார்த்திருக்கமாட்டேன்.

புதன் முற்பகல் மஞ்சள் தபால் வண்டி வந்தது. உறைக்குள் இரண்டு ஹேங்கர்கள். இரண்டாக அனுப்பச் சொன்னதும் பெரியவரின் யோசனைதான். தொலைதூரம் போகிறவர்கள் ஒன்றைக் கைவசம் வைத்திருக்க வேண்டும், தீப்பெட்டி அளவு இடம்கூட எடுக்காது. ஹேங்கரைத் திருகி, கியர் மாற்றியைப் பூட்டி, கழற்றி வைத்த கண்ணிகளைச் சங்கிலியில் திரும்பச் சேர்த்தோம். அவர் பின்னால் மண்டியிட்டு ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். கியர் மாற்றியின் இரு சிறு சக்கரங்களும் மேலேயுள்ள பல்சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று சரிபார்த்தபின்தான் எழுந்தார். என் கையைப் பிடித்து, "இனி வண்டி விழுந்தால் இப்படிப் பாருங்கள்" என்றார்.

பிற்பகலில் கிளம்பினேன். 2,186, 2,185. பலகைகள் மறுபடி குறையத் தொடங்கின. ஒவ்வொன்றும் ஒரு குதிரை ஒரு கிலோமீட்டர் மேலேறிய கணக்காகத் தெரிந்தது. பெடலைச் சற்று நிதானமாகவே மிதித்தேன்.

அடுத்த பகுதியில் லின்ஸைத் தாண்டி மௌட்ஹவுசன். அங்கே கருங்கல் குவாரியின் படிகளில் நாஜிகள் மனிதர்களைக் கல் சுமக்க வைத்தார்கள்.