சிங்ககட்: இறங்கக் கற்றுத்தரும் மலை

மலைப்பாதையில் ஓடப் பழகும் புனேவாசிகளுக்கு இந்தக் கோட்டைதான் பள்ளிக்கூடம். முதல் பாடம், ஓடாமல் இருப்பது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுது விடிவதற்குள்ளேயே ஆத்கர்வாடியில் மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டிவிடும். புனேயிலிருந்து தென்மேற்கே கடக்வாஸ்லா அணையைத் தாண்டிச் சென்றால், சுமார் 30 கி.மீ. தொலைவில் சிங்ககட் கோட்டை. அதன் அடிவாரத்தில் இருக்கும் சிற்றூர் இது. ஓய்வுபெற்ற அதிகாரிகள், கல்லூரி மாணவர்கள், சாஃப்ட்வேர் கம்பெனி இளைஞர்கள் என்று எல்லா வயதினரும் இங்கிருந்துதான் ஏறத் தொடங்குகிறார்கள். வண்டியிலேயே உச்சிவரை போக மறுபக்கம் தார்ச்சாலை இருக்கிறது. இவர்கள் அதைச் சீண்டுவதில்லை.

கோட்டை கடல்மட்டத்திலிருந்து 1,312 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஆத்கர்வாடியிலிருந்து ஒற்றையடிப் பாதையில் சுமார் 3 கி.மீ. நடந்தால் புனே தர்வாஜா எனப்படும் வாயில் வந்துவிடும். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 3 கி.மீ.க்குள் ஏற வேண்டிய உயரம் சுமார் 600 மீட்டர். ஏறக்குறைய 200 மாடிக் கட்டடத்தை லிஃப்ட் இல்லாமல் ஏறுவதற்குச் சமம்.

மராட்டியர்களுக்கு இது வெறும் மலையல்ல. 1670 பிப்ரவரியில், இரவோடு இரவாகச் செங்குத்துப் பாறையில் ஏறிக் கோட்டையைப் பிடித்த சிவாஜியின் தளபதி தானாஜி மாலுசரே, அந்தப் போரிலேயே உயிர் விட்டார். தமிழர்களுக்கும் இங்கே ஒரு தொடர்பு உண்டு. மொகலாயர்களிடமிருந்து தப்பிச் செஞ்சிக் கோட்டையில் தங்கி, நீண்ட முற்றுகையைச் சமாளித்த சிவாஜியின் மகன் ராஜாராம், மகாராஷ்டிரம் திரும்பிய பின் 1700இல் கண்மூடியது சிங்ககட்டில்தான். அவருடைய சமாதி மலைமேல் இருக்கிறது.

இன்று இங்கே தோற்றுப்போகிறவர்களில் பலர் நகரத்து ஓட்டக்காரர்கள். புனேவுக்கு ஓட்டம் புதிதல்ல. 1983இலேயே சர்வதேச மாரத்தான் தொடங்கிய ஊர் அது. தார்ச்சாலையில் 10 கி.மீ.யை ஒரு மணி நேரத்துக்குள் முடிப்பவர், அதே நினைப்பில் சிங்ககட்டிலும் முதல் அடியிலிருந்தே ஓடத் தொடங்குகிறார். முதல் சில வளைவுகளுக்குள் மூச்சு வாங்குகிறது. கைக்கடிகாரம் காட்டும் வேகக் கணக்கு இங்கே செல்லாது. சமதரையில் ஆறு நிமிடத்தில் கடக்கும் ஒரு கி.மீ.க்கு இந்த ஏற்றத்தில் 20 நிமிடமும் ஆகலாம். அது தோல்வி அல்ல, மலையின் கணக்கு.

செங்குத்தான இடங்களில் உலகத் தரமான மலை ஓட்டக்காரர்களே நடக்கத்தான் செய்கிறார்கள். ஓரளவுக்கு மேல் சரிவு கூடிவிட்டால் ஓடுவதைவிட விரைந்து நடப்பதில்தான் சக்தி மிச்சமாகிறது. அடிகள் குட்டையாக இருக்க வேண்டும். தேவைப்பட்டால் உள்ளங்கைகளைத் தொடைமேல் ஊன்றிக்கொள்ளலாம். பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே ஆரம்பத்தில் சரியான வேகம். இதற்குப் பயிற்சியாளர் தேவையில்லை. மேலே விற்பதற்காகத் தயிரும் மோரும் வெள்ளரிக்காயும் சுமந்து ஏறும் ஊர்க்காரர்களைப் பார்த்தாலே போதும். அவசரமும் இல்லை, நிற்பதும் இல்லை. கடைசி வளைவிலும் முதல் வளைவின் அதே நடை.

ஏறுவது மூச்சைச் சோதிக்கிறது என்றால், இறங்குவது கால்களைச் சோதிக்கிறது. ஆபத்து அங்கேதான். இறங்கும்போது தொடையின் முன்புறத் தசைகள் நீண்டுகொண்டே உடல் பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. இதனால் தசை இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஓரிரு நாள் கழித்துத்தான் வலி உச்சத்துக்கு வரும். நல்ல செய்தி என்னவென்றால், ஒருமுறை அளவோடு இந்தப் பாரத்தைத் தாங்கிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தில் அவ்வளவு வலிப்பதில்லை. அளவு மீறினால் முழங்கால் வலியும் கணுக்கால் சுளுக்கும் சேர்ந்து பல வாரங்களை விழுங்கிவிடும்.

பார்வை கால்விரலில் இருக்கக் கூடாது. மூன்று நான்கு மீட்டர் முன்னால், அடுத்து மிதிக்கப்போகும் இடத்தில் இருக்க வேண்டும். உடலைப் பின்னுக்குச் சாய்த்தால் குதிகால் வழுக்கும். கோடையில் உருளும் சரளை, மழையில் வழுக்கும் களிமண் என்று இந்தப் பாதைக்கு இரண்டு முகங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மலை பச்சைப் பட்டு உடுத்தி அழைக்கும். புதியவர்கள் அந்த அழைப்புக்கு மயங்காமல் நவம்பர்வரை பொறுத்திருப்பது நல்லது.

செலவு செய்தே தீர வேண்டியது காலணிக்குத்தான். அடிப்பாகத்தில் மண்ணைக் கவ்வும் பற்கள் இருக்க வேண்டும். இறக்கத்தில் பாதம் முன்னுக்குத் தள்ளப்படும் என்பதால் விரல்களுக்கு முன்னால் சற்று இடம் வேண்டும். இல்லாவிட்டால் நகம் கறுத்துவிடும். தண்ணீர், கொஞ்சம் வெல்லமோ பேரீச்சம்பழமோ, ஒரு துணை ஆகியவை போதும். தனியாகப் போவதானால், எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று வீட்டில் சொல்லிவிட வேண்டும்.

முதல் நாளே சிங்ககட்டுக்கு வர வேண்டியதும் இல்லை. புனேக்குள்ளேயே டேக்டி எனப்படும் குன்றுகள் இருக்கின்றன. வேதாள் டேக்டியின் மண்பாதைகளில், தூரத்தைப் பார்க்காமல் நேரத்தை மட்டும் பார்த்து, வாரம் இருமுறை 30, 40 நிமிடம் நடையும் ஓட்டமுமாக ஒரு மாதம் பழகலாம். பிறகு சிங்ககட்டில் ஏற்றம், இறக்கம் இரண்டையும் நடந்தே முடிக்க வேண்டும். அதன்பின் கோட்டைக்கு மேலுள்ள சமதரையில் மட்டும் ஓட்டம். கடைசியாக, சரிவு குறைந்த இறக்கங்களில் மெல்லோட்டம். சிங்ககட், ராஜ்கட், தோர்ணா கோட்டைகளை இணைக்கும் எஸ்.ஆர்.டி. அல்ட்ரா போட்டி 11 கி.மீ. முதல் 100 கி.மீ. வரையிலான பிரிவுகளோடு நடத்தப்பட்டிருக்கிறது. அதில் பெயர் கொடுக்கும் யோசனை இதற்கெல்லாம் அப்புறம்தான்.

பழக இடம் இருந்தால்தானே பழக முடியும்? வேதாள் டேக்டி வழியாகச் சாலையும் சுரங்கப்பாதையும் அமைக்கும் திட்டங்களை எதிர்த்து 2023இல் புனே மக்கள் ஊர்வலம் போனார்கள். சிங்ககட்டில் பாதையை அரிப்பதில் மழையோடு மனிதர்களுக்கும் பங்கு இருக்கிறது. வளைந்து போகும் பாதையை விட்டுவிட்டு ஒருவர் குறுக்கே இறங்கினால், அடுத்த மழையில் அந்தத் தடம் ஓடையாகிறது. வழியை விட்டு விலகாமல் இருப்பது, ஏறி வருபவருக்கு ஒதுங்கி நிற்பது, கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவருவது ஆகியவையும் பயிற்சியில் சேர்ந்தவையே.

உச்சியில் சுடச்சுட பிட்லா பாக்ரியும் மண்சட்டித் தயிரும் சாப்பிட்டுவிட்டால் எல்லாருக்கும் தெம்பு வந்துவிடும். அதை நம்பி இறக்கத்தில் பாய்வதுதான் புதியவர்கள் வழுக்கி விழும் இடம். தேர்ச்சி பெற்றாயிற்றா என்பது மலையில் தெரியாது, செவ்வாய்க்கிழமை வீட்டில் தெரியும். கைப்பிடியைப் பிடிக்காமல் மாடிப்படி இறங்க முடிந்தால் அடுத்த ஞாயிறும் ஆத்கர்வாடிக்குக் கிளம்பலாம்.