களிமண்ணும் கணக்கும்

முட்டத்தில் மீன்குழம்பு மண்சட்டியில் கொதித்தால்தான் ருசி. அந்த மண்சட்டிக்குப் பேர்போன ஊர், நாகர்கோவில் பக்கத்திலுள்ள சுங்கான்கடை. பரம்பரையாக மண் வேலை செய்யும் வீடுகளில் தனியாக வகுப்பு என்று ஒன்று கிடையாது. பெரியவர்கள் வனைய, பிள்ளைகள் பார்த்துப் பழகுவதுதான் படிப்பு. வேலையும் பாடமும் ஒன்றாகவே நடக்கும்.

ஆனால் வெளியூரிலிருந்து மாணவர்கள் வந்து கற்கும் பட்டறை என்றால் கதை வேறு. மாணவன் வனைந்த கோணல் கிண்ணத்தை நாள் முழுக்கத் திருத்திக் கொண்டிருக்கும் ஆசிரியர், தன் சொந்தப் படைப்பை எப்போது செய்வார்? சொந்தப் படைப்பு நின்றுபோனால், பிறகு எதைத்தான் சொல்லிக்கொடுப்பார்?

இதற்குப் பாண்டிச்சேரியில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த ரே மீக்கர், டெபோரா ஸ்மித் தம்பதியர் 1971-இல் அங்கே 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி'யைத் தொடங்கினார்கள். சாதாரண மண்பானையை விட அதிகச் சூட்டில், சுமார் 1300 டிகிரியில் வேகும் வலுவான பாண்டங்கள் அவர்களுடையவை. 1983-இல் ரே மாணவர்களைச் சேர்த்துக் கற்பிக்க ஆரம்பித்தார். ஆதில் ரைட்டர், வினீத் கக்கர் போன்ற பல கலைஞர்கள் அங்கே பயின்றவர்களே. 2018-இல் ஜெய்ப்பூரில் நடந்த முதல் இந்திய செராமிக்ஸ் கண்காட்சித் திருவிழாவை நடத்தியவர்களிலும் அங்கே படித்தவர்கள் இருந்தார்கள்.

பாடம் நடத்திக்கொண்டே ரே செய்த சொந்தச் சோதனை இன்னும் வியப்பானது. பச்சைச் செங்கலால் ஒரு வீட்டைக் கட்டி, அதன் உள்ளே செங்கல், ஓடு, பாண்டங்களை அடுக்கித் தீமூட்டி, வீட்டையே சூளையாக்கிச் சுட்டுவிடுவது! ஈரானைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நாதர் கலீலி முன்பே முயன்ற யோசனை இது. உள்ளே வெந்த சரக்கை விற்றால் விறகுச் செலவில் ஒரு பகுதி திரும்பிவிடும் என்பது கணக்கு. ஆனாலும் விறகு நிறையத் தின்னும் முறை இது. 1980-களின் நடுவில் தொடங்கிய இந்தச் சோதனை 1990-களின் பிற்பகுதியில் நின்றது. அதன்பின் அவர் பெரிய மண் சிற்பங்கள் பக்கம் திரும்பினார்.

ஒரே மனிதருக்கு இத்தனைக்கும் நேரம் எங்கிருந்து வந்தது? விடை டெபோராவிடம் இருக்கிறது. தட்டு, கோப்பை, கிண்ணம் என்று தினசரி உற்பத்தியை நடத்தியவர் அவர். உள்ளூர்த் தொழிலாளர்களுடன் சேர்ந்து அவர் செய்த பாண்டங்கள் விற்றதால்தான் பட்டறை ஓடியது. புதுச் சோதனை தோற்றாலும் உலை அணையவில்லை.

கற்பித்தலையும் சொந்தக் கலையையும் சமன்செய்வது பற்றிப் பேசும்போது நேரத்தை எப்படிப் பங்கிடுவது என்றே நாம் யோசிக்கிறோம். உண்மையில் பங்கிட வேண்டியது பொறுப்பை. ஒருவர் துணிந்து தோற்றுப் பார்க்க, இன்னொருவர் தவறாமல் கோப்பை வனைந்துகொண்டிருக்க வேண்டியிருக்கிறது. சிற்பத்தைப் பார்த்துக் கைதட்டும்போது, அந்தக் கோப்பைக்கும் சேர்த்தே தட்ட வேண்டும்.