சுவரில் ஒரு சாட்சி

இங்கிலாந்தில் ஹார்ட்ஃபர்ட்ஷியர் மாவட்டத்தின் வடகோடியில் ஆஷ்வெல் என்ற சிற்றூர் இருக்கிறது. இலண்டனுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் இடையே உள்ள சிறிய இரயில் நிலையம் ஒன்றில் இறங்கி, வயல்களின் நடுவே நடந்தே ஊரை அடையலாம். வீடுகள் கண்ணில் படுவதற்கு முன்பே ஊர்த் தேவாலயத்தின் கோபுரம் தெரிந்துவிடும். அதன் உயரம் ஏறத்தாழ 54 மீட்டர். பதினெட்டு மாடி அடுக்குமாடிக் கட்டடத்தின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில நூறு வீடுகள் கொண்ட ஓர் ஊருக்கு இவ்வளவு உயரமான கோபுரமா என்று வியக்கத் தோன்றும். ஆனால், நான் அங்குச் சென்றது கோபுரத்தைப் பார்ப்பதற்காக அன்று. அதன் உட்சுவரில் கீறப்பட்டுள்ள சில வரிகளைப் பார்ப்பதற்காக.

தூய மரியாள் தேவாலயம் எனப்படும் இக்கட்டடத்தின் பெரும்பகுதி 14ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அக்காலத்து ஆங்கிலேயத் தேவாலயங்களைப் போலவே இதுவும் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது. கிழக்குக் கோடியில் பலிபீடம். நடுவில் மக்கள் கூடும் கூடம். அதன் இருபுறமும் தூண் வரிசைகள். மேற்குக் கோடியில் கோபுரம். பலிபீடப் பகுதியைப் பராமரிப்பது குருவின் பொறுப்பு, மக்கள் கூடும் கூடத்தைப் பராமரிப்பது ஊராரின் பொறுப்பு என்பது அந்நாட்டு வழக்கம். ஆகவே, இத்தகைய கட்டடங்களை ஊராரின் உழைப்பும் பணமும்தான் தாங்கி நின்றன.

இத்தேவாலயத்தைக் கட்டப் பயன்பட்டது 'கிளஞ்ச்' எனப்படும் வெண்மையான சுண்ணக்கல். அது மென்மையானது, உளிக்கு எளிதில் இடம் கொடுக்கும். மழையிலும் பனியிலும் விரைவில் தேய்ந்துபோவது அதன் குறை. எனினும், அந்த மென்மையால் ஒரு நன்மையும் விளைந்தது. கத்தி முனையாலும் அக்கல்லில் எழுத முடிந்தது. அதனால், இங்குள்ள தூண்களிலும் சுவர்களிலும் இடைக்கால மக்களின் கீறல்கள் நிறைந்துள்ளன.

அவற்றைக் காண்பது எளிதன்று. நான் கைவிளக்கைச் சுவருக்கு நேரே பிடித்துத் தேடிக்கொண்டிருந்தேன். அங்குத் தொண்டு செய்யும் மூதாட்டி ஒருவர் அருகில் வந்தார். "விளக்கைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்," என்றார். அவ்வாறே செய்தேன். வெறுமையாகத் தெரிந்த கல்லில் நிழல் விழுந்து, எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.

ஒரு தூணில், மூலைகள் சரியாகப் பொருந்தவில்லை என்று யாரோ இலத்தீன் மொழியில் குறைகூறியிருக்கிறார். அந்த வேலையின்மீது காறித் துப்புவதாகவும் எழுதியிருக்கிறார்! கோபுரச் சுவரில் பெரிய தேவாலயம் ஒன்றின் படம் இருக்கிறது. அது இலண்டனில் இருந்த பழைய தூய பவுல் பேராலயம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அப்பேராலயம் 1666ஆம் ஆண்டில் ஏற்பட்ட பெருந்தீயில் அழிந்தது. அதன் சாயல் ஒன்று இச்சிற்றூர்ச் சுவரில் இன்றும் உயிரோடிருக்கிறது.

நான் தேடி வந்த வரிகளும் அந்தச் சுவரில்தான் இருந்தன. கொள்ளைநோய் 1348ஆம் ஆண்டில் இங்கிலாந்தை அடைந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் அந்நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் குறையாமல் மாண்டனர். அந்தத் துயரத்தைத்தான், 1350ஆம் ஆண்டைக் குறிப்பிட்டு, ஒருவர் இலத்தீனில் கீறியிருக்கிறார். அவ்வாண்டின் கொடுமையைச் சொல்லி, சாட்சி கூற எஞ்சியிருப்பவர்கள் கடைநிலை மக்களே என்று வருந்துகிறார்.

கதை அத்துடன் முடியவில்லை. 1361ஆம் ஆண்டில் நோய் மீண்டும் வந்தது. இம்முறை குழந்தைகள் பெருமளவில் இறந்தனர். அது ஓய்வதற்குள், தூய மவுருஸ் திருநாளன்று பெரும் புயல் வீசியது. நார்விச் பேராலயத்தின் கூர்ங்கோபுரத்தையே சாய்த்த புயல் அது. நம் கணக்கில் அந்நாள் 1362 ஜனவரி 15. அக்காலத்து ஆங்கிலேயர்களுக்கு மார்ச் 25ஆம் நாளில்தான் புத்தாண்டு பிறக்கும் என்பதால், சுவரில் 1361 என்றே பதிந்திருக்கிறது.

அந்த வரிகளின்முன் நெடுநேரம் நின்றேன். பெருந்தொற்றுக் காலத்தில் என் பாட்டி காலமானார். இறுதிச் சடங்கைக் கைப்பேசித் திரையில்தான் பார்த்தேன். அன்றைய செய்தியில் அவர் ஓர் எண்ணாக மட்டுமே இருந்தார். "நீயாவது நலமாக இருக்கிறாயே," என்று பலர் ஆறுதல் கூறினர். எனக்கோ அந்த நலமே பாரமாக இருந்தது. பிழைத்திருப்பவன் தன்னைப் பேறுபெற்றவனாக நினைப்பதில்லை என்பதை ஏறத்தாழ 670 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கல்லில் எழுதிவைத்திருக்கிறார். அவர் தம் பெயரை எழுதவில்லை. யார்மீதும் பழி சுமத்தவில்லை. நடந்ததை மட்டும் சொன்னார்.

இன்று பழைய கட்டடங்களின் சுவர்களில் கிறுக்குவது குற்றம். அது குற்றமாகவே இருக்க வேண்டும். ஆனால், அன்று எளிய மக்களின் துயரத்தைக் குறித்துவைக்க நாளேடு இல்லை, நினைவுச் சின்னமும் இல்லை. அவர்களுக்கென இருந்த பொதுச் சொத்து இந்தக் கட்டடம் ஒன்றுதான்.

கொள்ளைநோய்க்குப் பிறகு கொத்தர்கள் கிடைப்பது அரிதாயிற்று, கூலி உயர்ந்தது. அதைக் கட்டுப்படுத்த 1351ஆம் ஆண்டில் சட்டமே இயற்றினார்கள். இருந்தும், ஆஷ்வெல் மக்கள் தம் தேவாலயத்தை அரைகுறையாக விட்டுவிடவில்லை, கட்டுமானம் தொடர்ந்தது. தம்மைக் கடைநிலை மக்கள் என்று சுவரில் நொந்துகொண்ட தலைமுறைதான் அந்த வேலையை மேற்கொண்டு நடத்தியது. அவர்கள் பட்ட துயரத்தைக் கீறல் சொல்கிறது. துயரத்திற்குப் பிறகு அவர்கள் செய்ததைக் கட்டடம் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அம்மக்களை நாம் முழுமையாக அறிய முடியும்.